ஒதுக்கப்பட்ட ஆசனங்களும் ஒதுக்க முடியாத கடமையும்

நமது நாட்டின் பேருந்துகளில் ஏறியதும், முன்பக்கத்து ஆசனங்கள் சிலவற்றின் மேலே எழுதப்பட்டிருக்கும் அறிவித்தல்கள் நம் கண்ணில் படுகின்றன. மதகுருமாருக்கு, கர்ப்பிணித் தாய்மாருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு என்று அவை ஆசனங்களை ஒதுக்கி வைக்கின்றன. சில வண்டிகளில் எழுத்து அழிந்து படம் மட்டும் எஞ்சியிருக்கும். வேறு சிலவற்றில் தமிழில் எழுதப்பட்டிருப்பதை வாசித்து விளங்கிக்கொள்வதற்கே தனித்திறமை வேண்டும். எவ்வாறாயினும் அவை நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை நம்மிடையே விபரீதமான எண்ணமொன்றையும் வளர்த்துவிட்டனவோ என்று சிந்திக்க வேண்டியுள்ளது. அந்த இரண்டு அல்லது நான்கு ஆசனங்களில் இருப்போருக்கே எழுந்து இடங்கொடுக்கும் கடமை உண்டு. ஏனைய ஆசனங்களில் இருப்போர் யாவரும் அக்கடமையினின்றும் விலக்களிக்கப்பட்டவர்கள் என்பதே அந்த எண்ணம்.

யாழ்ப்பாண நகருக்குக் காலை வேளையில் வரும் பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். மத்திய பேருந்து நிலையமும் போதனா வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று அருகில் அமைந்திருக்கின்றன. ஆகவே பருத்தித்துறையிலிருந்தோ காங்கேசன்துறையிலிருந்தோ ஊர்காவற்றுறையிலிருந்தோ புறப்படும் வண்டியில், அலுவலகம் செல்வோரும் பாடசாலை மாணவரும் கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்த நோயாளரும் ஒரே நேரத்தில் ஏறுகின்றனர். நேரத்துக்குச் சென்று இலக்கம் எடுக்காவிட்டால் நண்பகல் தாண்டியும் காத்திருக்க நேரிடும் என்பதால் நோயாளர் அடுத்த வண்டிக்காகக் காத்து நிற்பதில்லை. இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றுடன் வருவோரும் அவர்களுள் இருப்பர். நிறைமாதத் தாய்மாரும் இருப்பர். நடத்துநரோ உள்ளே போகுமாறு எல்லோரையும் ஓயாமல் விரட்டிக்கொண்டிருப்பார். இத்தனை பேருக்கும் அந்த நான்கு ஆசனங்கள் எந்த மூலைக்கு?

நின்றுகொண்டு பிரயாணம் செய்வோர், இருந்துகொண்டு பிரயாணம் செய்வோரின் முகங்களை நன்றாக அறிவர். வயோதிபர் ஒருவர் ஏறியவுடன் சிலருக்குத் திடீரென நித்திரை வந்துவிடுகிறது. சிலருக்குப் பலமுறை கண்ட வயல்வெளி அன்றைக்கு மட்டும் புதுமையாகத் தோன்றுகிறது. இன்னுஞ் சிலர் கையடக்கத் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தொலைபேசி வருவதற்கு முன்பு இந்தப் பணியைப் பத்திரிகை செய்து வந்தது. நாம் எழுதும் இப்பக்கமும் எவருடைய முகத்தையாவது மறைத்திருக்கக்கூடும். காணாததுபோல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபடுகிறோம் என்றால், காண வேண்டியது இன்னதென்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது என்பதுதானே பொருள்?

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு காலைப் பயணத்தில் கண்ட நிகழ்ச்சி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கர்ப்பிணியான இளம்பெண் ஒருவர் இடைவழித் தரிப்பிடத்தில் ஏறினார். ஒதுக்கப்பட்ட ஆசனங்களில் இருவர் இருந்தனர். இருவரும் நல்ல உடை உடுத்திய, திடகாத்திரமான மனிதர்கள். பேருந்தில் இருந்த அனைவருடைய பார்வையும் அவர்கள் இருவர் மீதே பாய்ந்தது. பின்னால் சிலர் உரத்த குரலில் அவர்களைப் பற்றிக் குறைகூறவும் தொடங்கினர். எனினும் குறைகூறிய எவரும் தாம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அப்போது கடைசி வரிசைக்கு முன்வரிசையிலிருந்து ஒரு முதிய பெண்மணி எழுந்தார். சந்தையில் மீன் விற்பவர் என்பது காலடியில் இருந்த வெறுங் கடகத்தைக் கண்டால் விளங்கும். அவர் பக்கத்தில் இருந்த இடம் அவ்வளவு நெரிசலிலும் வெறுமையாகவே இருந்தது. மீன்வாடைக்கு அஞ்சி எவரும் அங்கே இருக்க விரும்பவில்லை. “பிள்ளை, இதிலை வந்து இரும். நான் நிண்டு பழகினனான்” என்று கூறி, தமது கடகத்தையும் எடுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றார். பக்கத்து இடம் வெறுமையாக இருக்கும்போது அவர் ஏன் எழுந்தார் என்று வாசகர்கள் வினவலாம். அந்தப் பிள்ளைக்கு வாடை ஒத்துக்கொள்ளாமற் போகலாம் என்று அவரே எண்ணியிருக்க வேண்டும். அவர் நகரம் வரையும் நின்றே வந்தார்.

இங்கே குறைகூறிய குரல்களைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். அறிவித்தலின் கீழே இருந்த இருவரும் எழுந்திருக்க வேண்டியவர்களே; அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் பிறருடைய கடமையைச் சுட்டிக்காட்டுவதால் நம்முடைய கடமை நிறைவேறிவிடுவதில்லை. சட்டம் ஒரு குறைந்தபட்ச அளவைத்தான் வகுக்க முடியும். நான்கு ஆசனங்களுக்கு அறிவித்தல் எழுதலாம். ஐம்பது ஆசனங்களுக்கும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லாமற் போய்விடும். எழுதப்படாத ஆசனங்களில் இருப்பவர்களிடம்தான் மனிதப்பண்பு எதிர்பார்க்கப்படுகிறது.

திருமறையைக் கையிலெடுப்போருக்கு ஆசனம் என்பது சிறிய விடயமன்று. புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியே ஆசனம் கொடுப்பதைப் பற்றியதுதான். பொன் மோதிரம் அணிந்தவரும் அழுக்குடை அணிந்த ஏழையும் இறைமக்களின் கூட்டத்துக்குள் நுழைகின்றனர். முன்னவருக்கு நல்ல இடம் காட்டப்படுகிறது. பின்னவர் நிற்குமாறோ கால்மாட்டில் அமருமாறோ பணிக்கப்படுகிறார். இது வெறும் நாகரிகக் குறைவு என்று திருத்தூதர் விட்டுவிடவில்லை. விசுவாசத்துக்கே முரணானது என்று கடிந்துகொள்கிறார். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், விருந்துக்கு வந்தோர் முதன்மையான இடங்களைத் தேடி அமர்வதை ஆண்டவர் உற்று நோக்குகிறார். மனிதர் எங்கே அமர்கிறார்கள், யாருக்காக எழுகிறார்கள் என்பதை அவர் கவனிக்கிறார் என்பது நமக்கு ஆறுதலா அச்சமா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

“எங்கள் காலத்தில் இப்படியில்லை, பெரியவர்கள் ஏறினால் இளையவர்கள் தாமாக எழுந்துவிடுவார்கள்” என்று மூத்தோர் கூறுவதைக் கேட்கிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தக் காலத்தை முழுமையாக நினைவுகூர்வதே நேர்மையாகும். அமெரிக்காவின் மொன்ற்கோமறி நகரில் 1955ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே காலத்தில் நம் யாழ்ப்பாணத்திலும், தாழ்த்தப்பட்டோர் எனக் கூறப்பட்ட மக்களுக்குப் பேருந்தின் இருக்கையில் அமரும் உரிமை மறுக்கப்பட்டு வந்தது என்பதை எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறோம்? அதற்கும் முன்னர், 1930ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனங்களில் அமர வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரே, சாதியைக் காரணங்காட்டிப் பொதுவாகனத்தில் ஒருவரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அடுத்த ஆண்டு, 1958 ஜனவரியில், பேருந்துச் சேவை நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. சட்டம் வந்த மறுநாளே மனங்கள் மாறிவிடவில்லை. நமது ஆலயங்களுக்குள்ளும் யார் எங்கே அமர்வது என்ற வேறுபாடு நிலவியதை மூத்தோர் அறிவர். யாக்கோபின் திருமுகம் அக்காலத்திலும் பீடத்தில் வாசிக்கப்பட்டுத்தான் வந்தது.

ஆகவே பழைய பண்பாட்டைப் புகழும்போது, அப்பண்பாட்டில் எழுந்து நின்ற அனைவரும் அன்பினால் எழுந்தவர்கள் அல்லர் என்பதை மறந்துவிடலாகாது. பலர் எழுப்பப்பட்டார்கள்; சிலர் இருக்கவே விடப்படவில்லை. அந்தஸ்துக்கு அஞ்சி எழுவது வேறு, தேவையைக் கண்டு எழுவது வேறு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முன்னதில் இருப்பவர் சிறுமைப்படுகிறார். பின்னதில் ஒருவரும் சிறுமைப்படுவதில்லை. பயணச்சீட்டுப் பெற்ற எவருக்கும் ஆசனத்தில் அமரச் சம உரிமை உண்டு. அந்த உரிமை உறுதியாக நம் கையில் இருக்கும்போதுதான் அதை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியும்.

இதனால்தான் இளையோரை அதட்டி எழுப்பும் வழக்கத்தை ஏற்றுக்கொள்ள இயலவில்லை. விடியற்காலையிலேயே தனியார் வகுப்புக்குச் சென்று, அங்கிருந்து பாடசாலைக்குச் சென்று, மாலையில் மீண்டும் ஒரு வகுப்பை முடித்து வீடு திரும்பும் மாணவனின் கண்கள் சொருகுவது எப்போதும் நடிப்பாக இருக்க முடியாது. ஆடைத் தொழிற்சாலையில் பகல் முழுவதும் நின்று வேலைசெய்துவிட்டு வரும் இளம்பெண்ணின் கால்களுக்கும் வலி உண்டு. மலையகத்தில் ஹற்றனிலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் வண்டியில், கொழுந்து பறித்த களைப்புடன் சாய்ந்திருக்கும் தாயைப் பார்த்து, நகரத்திலிருந்து வரும் ஓர் உத்தியோகத்தர், தாம் வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக எழும்பச் சொல்லலாமா? வயது ஒரு தேவையாக இருக்கலாம். அது ஒரு பதவியன்று. “தம்பி, எனக்குக் கொஞ்சம் நிக்க ஏலாமல் கிடக்கு” என்று ஒரு முதியவர் அமைதியாகக் கேட்டால் மறுக்கும் இளைஞர் மிகச் சிலரே. கேட்பதில் இழிவில்லை. நமது சமுதாயத்தில் கேட்கத் தயங்குவோரும் அதட்டுவோரும் மிகுதி, கேட்போர் குறைவு.

இனி, மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்ட ஆசனத்தைப் பற்றியும் கூற வேண்டும். இதை எழுதாமல் விட்டால் வாசகர்கள் நாம் வசதியாக நழுவிவிட்டதாகக் கருதக்கூடும். இந்நாட்டில் பௌத்த பிக்கு ஒருவர் வண்டியில் ஏறினால் மக்கள் எழுந்து இடங்கொடுப்பதும், பெண்கள் அவரருகே அமராது விலகுவதும் நெடுநாளைய வழக்கம். அவர்களுடைய துறவற ஒழுக்கம் பெண்களின் அருகே அமர்வதைத் தவிர்க்கச் சொல்கிறது. அதை மதிப்பது நம் கடமை. நமது குருக்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் அந்த ஆசனம் மரியாதையின் நிமித்தம் கிடைக்கிறதேயன்றி, அவர்கள் யார் அருகில் அமரலாம் என்பதுபற்றிய அத்தகைய விதி எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆகவே அவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். அந்தச் சுதந்திரத்தை அவர்கள் பயன்படுத்த வேண்டும் என்பதே நம் தாழ்மையான கருத்து. கைக்குழந்தையுடன் ஒரு தாய் நிற்கும்போது, அந்த ஆசனம் அவருக்கே உரியது. அருட்சகோதரிகள் பலர் தயங்காமல் எழுந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் எழுந்தவுடன், “ஐயோ சிஸ்டர், நீங்கள் இருங்கோ” என்று நாலைந்து பேர் பதறுகிறோம். பதறுகிறோமே தவிர, நம்முள் ஒருவர் அந்தத் தாய்க்கு முன்னதாகவே இடங்கொடுத்திருந்தால் சகோதரி எழ வேண்டிய தேவையே ஏற்பட்டிராது என்பதை எண்ணுவதில்லை. குருவுக்குக் காட்டும் மரியாதை, அவரை நிற்கவிடாமல் தடுப்பதாக இருப்பதைவிட, அவருக்கு முன்னதாக நாம் எழுவதாக இருந்தால் அவரே மகிழ்வார்.

2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி மடுத் திருத்தலத்துக்கு வந்து நம் மக்களோடு செபித்த திருத்தந்தை பிரான்சிஸ், புவனஸ் அயர்ஸ் நகரின் பேராயராகவும் கர்தினாலாகவும் இருந்த நாள்களில் பேருந்திலும் சுரங்கப் புகையிரதத்திலும் சாதாரண பிரயாணியாகச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார். எளிமைக்காக மட்டுமே அவர் அப்படிச் செய்தார் என்று கூறுவது போதாது. நெரிசலில் நிற்பவருக்கு எப்படியிருக்கும் என்பதைச் சொகுசு வாகனத்தின் கண்ணாடி வழியே பார்த்து அறிந்துகொள்ள முடியாது. நமது தலைவர்களும் அதிகாரிகளும் மாதத்தில் ஒருநாளாவது ஏழு மணிப் பேருந்தில் ஏறினால், அறிவித்தல்களைவிட அது பயன் தரும்.

தேவையை எவ்வாறு அறிவது என்ற கேள்வி எழுகிறது. நரைத்த தலை தெரிகிறது; பெருத்த வயிறு தெரிகிறது; ஊன்றுகோல் தெரிகிறது. ஆனால் நம் மண்ணில் தெரியாத காயங்கள் மிகுதி. நீண்ட காற்சட்டைக்குள்ளும் சேலைக்குள்ளும் செயற்கைக் கால் இருக்கிறது. 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் செய்து கொடுத்த செயற்கைக் கால்களோடு எத்தனையோ பேர் நம்மோடு பேருந்தில் ஏறி இறங்குகின்றனர். நீண்ட நேரம் நின்றால் மூட்டுப் பொருந்தும் இடம் புண்ணாகும் என்பதை அவர்களே அறிவர். உடலில் எறிகணைத் துண்டைச் சுமந்துகொண்டு வாழ்வோரும் உளர். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு மயக்கமும் குமட்டலும் கூடுதலாக இருக்கும். அப்போதுதான் வயிறு வெளியே தெரிவதில்லை. சிறுநீரக நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டு திரும்புபவரின் சோர்வு அவர் முகத்தில் எழுதப்பட்டிருக்காது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. ஆனால் தமது சேலையை விலக்கிக் காட்டித்தான் ஒரு பெண் தன் உரிமையைப் பெற வேண்டுமென்றால் அது உரிமையாகுமா? எனவே, இருக்கும் இளைஞன் ஒருவனைப் பார்த்து, “பார், வெட்கமில்லாமல் இருக்கிறான்” என்று தீர்ப்பிடுமுன் சற்றுத் தாமதிப்போம். கேட்டவருக்குக் காரணம் கேட்காமலேயே இடங்கொடுப்போம்.

எழுந்து நிற்க உண்மையாகவே இயலாதவர்களும் செய்யக்கூடிய ஓர் உதவி இருக்கிறது. அது நம் மக்களிடையே எவரும் கற்பிக்காமலேயே வளர்ந்த அழகிய வழக்கம். நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்வதைத்தான் சொல்கிறோம். “தம்பி, அந்தப் பாக்கை இஞ்சை தா” என்று ஒரு தாய் கேட்பதும், மாணவன் கொடுப்பதும், பெயர்கூடக் கேட்காமல் அவர் அதைச் சுமந்து வந்து இறங்கும்போது திருப்பிக் கொடுப்பதும் அன்றாடம் நடைபெறுகின்றன. பிறர் குழந்தையைக் கூடத் தயங்காமல் வாங்கி மடியில் இருத்திக்கொள்கிறோம். அக்குழந்தை அழாமல் வந்து, மடியையும் நனைத்துவிட்டுப் போவதுண்டு. அதற்காக எவரும் கோபித்ததாகக் கேள்விப்படவில்லை. சந்தேகமும் சோதனையும் மலிந்திருந்த போர்க்காலத்தில் உரிமையாளர் தெரியாத பைகளைத் தொடவே அஞ்சினோம். அதன் பின்னரும் இவ்வழக்கம் அழியாமல் மீண்டும் தலையெடுத்தது வியப்புக்குரியது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வண்டிகள் குறைந்து, மிதிபலகையில் மக்கள் தொங்கிக்கொண்டு சென்ற வேளையிலும், சன்னல் ஓரத்தில் இருந்தோரின் மடிகளில் மூன்று நான்கு பைகள் குவிந்திருந்ததைக் காண முடிந்தது. நெரிசல் மனிதரைக் கெடுத்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது முழு உண்மையன்று என்பதற்கு இந்த மடிகள் சாட்சி.

நெரிசலின் இன்னொரு முகத்தைப் பேசுவதற்குக் குடும்பப் பத்திரிகைகள் கூசுகின்றன. கூசிப் பயனில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் 2015ஆம் ஆண்டு மேற்கொண்ட ஆய்வில், பெண்களிலும் சிறுமியரிலும் 90 சதவீதமானோர் பொதுப் போக்குவரத்தில் ஏதோவொரு சந்தர்ப்பத்திலேனும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகியிருப்பதாகத் தெரியவந்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இதை நம்மிடம் கூறுவதில்லை. ஏன் வழமையான வண்டியை விட்டு வேறு வண்டியில் போகிறாய் என்று கேட்டால் மழுப்புவார்கள். இத்தகைய வண்டியில் ஒரு பெண்பிள்ளை நெளிந்துகொண்டு நிற்பதைக் கண்டு, ஒரு தாய் தன் ஆசனத்தில் ஒடுங்கி, “பிள்ளை, இதிலை நெருங்கி இரு” என்று கூப்பிடுவது வெறும் உபசாரமன்று, அது பாதுகாப்பு. ஓர் ஆண்மகன் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தொந்தரவு செய்தவனுக்கும் அவளுக்கும் இடையில் போய் நிற்பதும் அவ்வாறே. பேசத் துணிவில்லாத வேளைகளிலும் எழுந்து நிற்கலாம். இடங்கொடுக்கும் கை எங்கே படுகிறது என்பதிலும் கண்ணியம் வேண்டும் என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வீர்கள்.

பெற்றுக்கொள்வோருக்கும் ஒழுக்கம் உண்டு. இடங்கொடுத்தவரைத் திரும்பியும் பாராமல் அமர்வது, இரண்டு தரிப்பிடங்களில் இறங்கப் போகிறவர் அதைச் சொல்லாமல் அமர்வது, தமக்குக் கிடைத்த இடத்தில் துள்ளி விளையாடும் பன்னிரண்டு வயது மகனை இருத்திவிட்டு அருகில் நிற்பது — இவை கொடுத்தவரின் மனத்தைக் கசக்கச் செய்பவை. இந்தக் கடைசி வழக்கம் நம் தாய்மாரின் பலவீனம். பிள்ளை நிற்கட்டும். நிற்கக் கற்றால்தான் பிற்காலத்தில் நிற்பவரைக் காணவும் கற்பான்.

பண்பைப் பற்றிப் பேசுவதால் நிர்வாகத்தின் குறைகளுக்குப் போர்வை போர்த்துகிறோம் என்று எவரும் கருத வேண்டாம். காலை ஒருமணி நேரத்தில் போதிய வண்டிகள் ஓடுமானால் இக்கட்டுரையின் பாதிக்கு வேலையிருக்காது. முதியவர் மேலே கால்வைக்குமுன் மணியடித்து வண்டியை நகர்த்தும் நடத்துநரும், தரிப்பிடத்தில் ஊன்றுகோலுடன் நிற்பவரைக் கண்டு நிறுத்தாமற் செல்லும் சாரதியும் ஆசனம் மறுப்பவரைவிடப் பெரிய குற்றம் புரிகின்றனர். உயரமான படிகள் நம் வண்டிகளில் முதியோருக்குப் பெருந்தடை. இவற்றைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் புதிய வண்டி வரும்வரை நாளைக் காலை ஏழு மணி வண்டி காத்திருக்கப் போவதில்லை.

வழிபாட்டுக்குச் சென்று திரும்பும் நமது பயணங்களைக் கொஞ்சம் உற்று நோக்குவோமா? செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு எல்லா மதத்தவரும் திரண்டு வருகின்றனர். அங்கிருந்து திரும்பும்போதும், மடுவில் ஆடித் திருவிழாவோ ஆவணித் திருவிழாவோ முடிந்து கொடி இறங்கியதும் வண்டிகள் நிற்குமிடத்திலும் நடைபெறுவதென்ன? வண்டி நிற்குமுன்னரே சன்னல்களின் வழியாகக் கைக்குட்டைகள், குடைகள், தொப்பிகள், சில வேளைகளில் சிறுபிள்ளைகள்கூட உள்ளே செல்கின்றனர். சற்றுமுன் சமாதானத்தைப் பரிமாறிக்கொண்ட அதே கைகள் அங்கே ஒன்றையொன்று தள்ளுகின்றன. கைக்குட்டை போட்டவருக்கே ஆசனம் என்பது நாட்டின் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. இச்சட்டத்தினால் எப்போதும் தோற்பவர்கள் ஓடி வர இயலாதவர்களே: முழந்தாட்படியிட்டு நேர்த்தி நிறைவேற்றிய வயோதிபத் தாய், கைக்குழந்தைக்காரி, விழியிழந்தவர். மாதாவின் பாதத்துக்குச் சென்று வருகிறோம். அந்தத் தாயும் நிறைமாதத்தில் நெடுவழி நடந்து, பெத்லகேமில் இடம் கிடைக்காமல் நின்றவர் என்பதை லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நமக்குச் சொல்கிறது. அன்றைக்கு அந்தச் சத்திரத்தில் இருந்தவர்களும் தங்களுக்கு முந்தி வந்த உரிமை உண்டு என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

பங்குகளிலிருந்து மடுவுக்கு வண்டிகள் ஒழுங்குசெய்யும் சபையினரிடம் ஒரு வேண்டுகோள். ஆவணித் திருவிழாவுக்குப் பெயர்களைப் பதியும்போதே, யாருக்கு நடக்க இயலாது, யார் கர்ப்பிணி, யார் அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் என்பதை அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போதும் வரும்போதும் முதலில் அவர்கள் ஏறட்டும். முன்வரிசைகளை அவர்களுக்கு விடுங்கள். சபைத் தலைவருக்கும் செயலாளருக்கும் கடைசி வரிசை போதும். மறைக்கல்வி மாணவர்களுள் பெரியவர்களை வண்டிக்கு நான்கு பேராக நியமித்து, முதியோரின் பைகளையும் பாய்களையும் ஏற்றி இறக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். திரும்பும் வழியில் செபமாலை தொடங்குமுன், நிற்பவர் எவரேனும் உளரா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு காரணிக்கமும் முடிய ஒருவர் எழுந்து மற்றவருக்கு இடம் மாற்றிக்கொள்ளலாம். ஐந்து காரணிக்கத்தில் ஐந்து பேர் இருந்துவிடுவர்.